சென்னை – யாழ்ப்பாணம் விமானம்: 355 கிலோமீட்டர், 53 நிமிடம், ஆறு மணி நேரம்

பொங்கல் கழிந்த கையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானத்தில் போய் வந்தேன். கிளம்புவதற்கு முன்னால் நான் தேடித் தேடிப் பார்த்தது ஒரே ஒரு விஷயம்தான். போரூரில் எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டிய நிமிடத்திலிருந்து அளவெட்டியில் சின்னம்மா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் வரைக்கும் எத்தனை மணி நேரம் ஆகும்? அம்மாவுக்கு வயது 71, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், மூன்று மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் வீங்கிவிடும். மருந்து எப்போது கொடுப்பது, சாப்பாடு எங்கே, எத்தனை முறை எழுந்து நடக்க வைப்பது எல்லாமே அந்த ஒரு பதிலைப் பொறுத்தது. தேடினால் கிடைத்ததெல்லாம் கிலோமீட்டரும், அதை வேகத்தால் வகுத்து வந்த நிமிடமும்தான். எங்கோ 27 நிமிடம் என்றிருக்கிறது, இன்னோர் இடத்தில் 57 நிமிடம், டிக்கெட்டில் ஒன்றேகால் மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேலே. அதனால் இந்த முறை நானே கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் குறித்து வந்தேன். வயதானவர்களோடு போக நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தூரம். சென்னை விமான நிலையத்துக்கும் பலாலிக்கும் (யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் பலாலியில்தான் இருக்கிறது) நடுவில் பூமியின் மேல் நேர்கோடாக அளந்தால் சுமார் 355 கிலோமீட்டர், கடல்மைலில் சொன்னால் 192. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. பக்கத்தில் வேறு ஊர்களை வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. சென்னையிலிருந்து கோயம்புத்தூர் வான்வழியில் 400 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. மதுரை 415 கிலோமீட்டர் அளவில் வருகிறது. அதாவது சென்னைக்காரர்களுக்கு மதுரையை விடவும் கோவையை விடவும் யாழ்ப்பாணம் கிட்டே இருக்கிறது. மதுரை விமான நிலையமும் பலாலியும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. மதுரை தென்மேற்கே ஒதுங்கி இருக்கிறது, பலாலியோ சென்னைக்கு ஏறக்குறைய நேர் தெற்கே. தீர்க்கரேகையில் சென்னைக்கும் பலாலிக்கும் வித்தியாசம் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குதான். வரைபடத்தில் சென்னையில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் அது பலாலியில் போய் நிற்கும். அம்மாவிடம் இதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவ்வளவு கிட்டவோ இருந்தது?" என்றார்.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அம்மா ஊரை விட்டு வந்தது 1982இல். தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், மறுபடி ரயில் ஏறி சென்னை. அந்தக் கப்பல் 1984இல் நின்றது. அதற்கப்புறம் போர். போர் முடிந்த பிறகு 2012இல்தான் முதல் தடவையாகத் திரும்பிப் போனோம், அதுவும் கொழும்பு வழியாக. அந்தப் பயணக் கணக்கை இப்போது போட்டுப் பார்த்தால் வயிறு எரிகிறது. சென்னையிலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க சுமார் 640 கிலோமீட்டர். யாழ்ப்பாணம் இருக்கும் அட்சரேகையைத் தாண்டி இன்னும் 290 கிலோமீட்டர் தெற்கே பறந்து போய் இறங்கி, அந்த 290 கிலோமீட்டரையும் தரை வழியே வடக்கு நோக்கித் திரும்பி வர வேண்டும். சாலையில் அது 400 கிலோமீட்டருக்குப் பக்கமாக நீண்டுவிடும். கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் உறவினர் வீட்டில் மாலை வரை காத்திருந்து, இரவு பஸ் பிடித்து, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் தூக்கக் கலக்கத்தோடு இறங்கி பாஸ்போர்ட்டைக் காட்டி, விடிகாலையில் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இறங்கினோம். வீட்டிலிருந்து வீட்டுக்கு 23 மணி நேரம். அப்போது அம்மாவுக்கு ஐம்பதுகளின் பிற்பகுதிதான், தாங்கினார். இப்போது அந்த வழி என்றால் கூட்டிப் போயிருக்கவே மாட்டேன்.

இதில் எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று. இந்த வழித்தடம் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. ஏர் சிலோன் என்ற அந்தக் கால நிறுவனம் தன் முதல் சேவையையே 1947 டிசம்பர் 10 அன்று, கொழும்பு இரத்மலானையில் கிளம்பி பலாலியை ஒட்டிய காங்கேசன்துறையில் இறங்கி அங்கிருந்து மதராஸுக்கு என்றுதான் தொடங்கியது. டிசி-3 என்ற இரட்டை இன்ஜின் விமானம். எங்கள் தாத்தா காலத்தில் இருந்த வழி என் அம்மா காலத்தில் இல்லை, என் காலத்தில் திரும்ப வந்திருக்கிறது. தூரம் அப்போதும் 355தான், இப்போதும் 355தான். பயண நேரத்தை மாற்றியது தூரம் இல்லை.

மறுபடி திறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 அக்டோபரில் பலாலியை சர்வதேச விமான நிலையமாக அறிவித்தார்கள். அந்த நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. நாலு மாதம் ஓடியிருக்கும், 2020 மார்ச்சில் கொரோனா வந்து நின்றது. 2022 டிசம்பர் 12இல் மீண்டும் வந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் சென்னையிலிருந்து பறக்கிறது. 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் தொடங்கினார்கள். போகும் நாட்களும் நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும், டிக்கெட் போடும்போது அந்த வாரத்து அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது அந்த நிமிடக் கணக்குக்கு வருவோம். 355 கிலோமீட்டரை மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் 27 நிமிடம்தான் வரும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் என்று அதோடு மொத்தமாக அரை மணியைக் கூட்டினால் 57. இணையத்தில் பார்த்த இரண்டு எண்ணும் இப்படித்தான் வந்திருக்கின்றன என்பது என் ஊகம். இரண்டுக்கும் அடியில் ஒரு ஜெட் விமானம் இருக்கிறது. ஆனால் இந்த வழியில் ஓடுவது ஜெட் இல்லை, ஏடிஆர் 72. இறக்கையில் இரண்டு பக்கமும் ஆறு இதழ் வைத்த காற்றாடி சுற்றுகிற, எழுபது எழுபத்தெட்டுப் பேர் உட்காரும் விமானம். அதன் உச்ச வேகமே மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டித்தான். அந்த வேகத்தையும் அது நடுவானில் கொஞ்ச நேரம்தான் பிடிக்கும். மேலே ஏறும்போது மெதுவாகப் போகும், இறங்கும்போதும் மெதுவாகத்தான். 355 கிலோமீட்டரில் பெரும்பகுதி ஏறுவதும் இறங்குவதுமாகவே போய்விடுகிறது. அதனால்தான் இந்த மாதிரிக் குட்டை வழித்தடத்தில் ஜெட் விட்டாலும் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது, பத்துப் பன்னிரண்டு நிமிடம் குறையலாம், அவ்வளவுதான். எரிபொருள்தான் வீணாகும். ஏடிஆருக்கு நீளமான ஓடுதளமும் வேண்டாம், அது பலாலி மாதிரி இடத்துக்கு வசதி.

இன்னொன்று, விமானம் நாம் வரைபடத்தில் போடுகிற கோட்டில் போவதில்லை. எந்தப் பக்கம் காற்று அடிக்கிறதோ அதை எதிர்த்துத்தான் ஏறும், அதை எதிர்த்துத்தான் இறங்கும். நாங்கள் போனது தை மாதம். வாடைக்காற்று, அதனால் மீனம்பாக்கத்தில் கிழக்கே பார்த்துக் கிளம்பி, அடையாறு பக்கமாகக் கடலுக்கு மேல் போய், அப்புறம்தான் வலதுபுறம் தெற்கே திரும்பியது. ஆடி ஆவணியில் தென்மேற்குக் காற்று நாளில் என்றால் மேற்கே பார்த்துக் கிளம்பி அரைவட்டம் அடிக்க வேண்டியிருக்கும். அந்தப் பக்கம் இறங்கும்போதும் இதே கதை. டிக்கெட்டில் அச்சடித்திருக்கும் நேரமோ வேறு கணக்கு. விமானம் நிற்கும் இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நின்று இன்ஜினை அணைக்கும் வரை எல்லாம் அதில் சேர்ந்தது, பிளாக் டைம் என்பார்கள். சென்னையில் உங்களுக்கு முன்னால் நாலு விமானம் வரிசையில் நின்றால் அந்தக் காத்திருப்பும் அதற்குள் வந்துவிடும்.

இனி எங்கள் கடிகாரம். வீட்டைப் பூட்டியது காலை 10.05. விமான நிலையம் 10.50. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி டிக்கெட் போடும்போதே கேட்டிருந்தேன், அதைச் செய்ய மறக்காதீர்கள். சர்வதேசப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள். பெட்டி போட்டு முடிக்க 11.30, குடியகல்வு முத்திரை, பாதுகாப்புச் சோதனை எல்லாம் முடிந்து உள்ளே உட்கார்ந்தபோது 12.15. நாற்காலியைத் தள்ளி வந்த தம்பி அவ்வளவு பொறுமை, கழிப்பறை வாசல் வரை வந்து நின்று காத்திருந்து அழைத்துப் போனார். உள்ளே அம்மாவுக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன தயிர்சாதம், மருந்து. 1.25க்கு பஸ்ஸில் ஏற்றினார்கள். 1.58க்கு விமானம் நகர்ந்தது. சக்கரம் தரையை விட்டது 2.13. பலாலியில் தரையைத் தொட்டது 3.06. வானத்தில் இருந்தது சரியாக 53 நிமிடம். அங்கே குடிவரவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்து வெளியே வந்தது 3.50. மாமா வேன் கொண்டுவந்திருந்தார், தெல்லிப்பழை வழியாக அளவெட்டி. சின்னம்மா வீட்டு வாசல் 4.15.

ஆக மொத்தம் 6 மணி 10 நிமிடம். அதில் பறந்தது 53 நிமிடம், மிச்சம் 5 மணி 17 நிமிடம் தரையில். ஆறு நிமிடத்தில் ஒரு நிமிடம்கூட வானத்தில் இல்லை. யாராவது "ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்" என்று சொன்னால் நம்பி, மத்தியான மருந்தைப் போய்ச் சேர்ந்து கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அரைநாள் பயணம் என்று மனதில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அரைநாள்தான், அதுவே எங்களுக்குப் பெரிய கொடுப்பினை. 23 மணி நேரம் 6 ஆனது என்பதை அம்மாவின் கணுக்காலைப் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன். இறங்கும்போது காலையில் இருந்த மாதிரியே இருந்தது.

விமானத்துக்குள்ளே எப்படி என்று சொல்லிவிடுகிறேன். பின்பக்கக் கதவு வழியாக ஏறுகிற விமானம், பெரிய விமானங்களுக்கு வைக்கும் உயரமான ஏணி தேவையில்லை, கதவோடு இருக்கும் ஐந்தாறு படிதான். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். உள்ளே ஒரு பக்கத்துக்கு இரண்டு இரண்டு இருக்கை, நடு இருக்கை என்ற தொல்லை கிடையாது. தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடம் சின்னது, உருளைப் பெட்டியைத் திணிக்க முடியாது, துணிப்பை கொண்டுபோங்கள். சத்தம் உண்டு. காற்றாடிக்கு நேரே முன்பாதியில் உட்கார்ந்தால் காதுக்குள் ரீங்காரமாகக் கேட்டுக்கொண்டே இருக்கும், பின்வரிசைகளில் குறைவு. அம்மா பதினைந்தாவது வரிசைக்குப் பின்னால் இருந்ததால் எங்களுக்குள் பேச முடிந்தது. ஜெட் மாதிரி மேகத்துக்கு மேலே மிக உயரத்தில் போகாமல் பாதி உயரத்தில் போவதால் மழைக்காலத்தில் ஆட்டம் கூடும். ஐப்பசி கார்த்திகையில் பயந்த சுபாவம் உள்ளவர்களைக் கூட்டிப்போவதென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நாங்கள் போன அன்று ஒரு சின்னக் குலுக்கல், அவ்வளவுதான்.

ஜன்னலைப் பற்றி எழுதாமல் விட முடியாது. போகும்போது வலதுபுற ஜன்னல் கேளுங்கள். தயவுசெய்து கேளுங்கள். இறக்கை மேலே இருப்பதால் கீழே பார்க்க எதுவும் மறைக்காது. விமானம் கடலுக்கு மேல் கரையை ஒட்டியே போகிறது. கிழக்குக் கடற்கரை முழுவதும் வலதுபக்கம் சுருள் சுருளாக விரிந்து வருகிறது. மாமல்லபுரம், அப்புறம் புதுச்சேரி, கடலூர். கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் மண் நிறத்தில் விசிறி போல விரிந்து கிடந்தது. அதற்குக் கீழே காவிரிப் படுகை, தைமாதம் ஆனதால் சில இடம் பச்சை, அறுத்த இடம் வைக்கோல் நிறம். நாகப்பட்டினம் தாண்டியதும் கரை சட்டென்று மேற்கே மடங்குகிறது, அதுதான் கோடிக்கரை. அதை ஒட்டி வேதாரண்யம் உப்பளங்கள், வெள்ளை வெள்ளையாகச் சதுரம் சதுரமாக, யாரோ தரையில் காகிதத்தைப் பரப்பி வைத்த மாதிரி.

அங்கிருந்து கடல் நிறம் மாறுகிறது. வங்கக்கடலில் கருநீலமாக இருந்தது பாக்கு நீரிணையில் வெளிறிய பச்சையாகிவிடுகிறது, ஆழம் குறைவல்லவா. கோடிக்கரைக்கும் யாழ்ப்பாணக் கரைக்கும் இடையில் ஐம்பது கிலோமீட்டர் இருக்கும், நான் எண்ணிப் பார்த்ததில் ஏழு நிமிடத்துக்குள் கடந்துவிட்டது. அம்மா அதுவரை பேசிக்கொண்டே வந்தவர் அந்த ஏழு நிமிடமும் பேசவில்லை. நெற்றியை ஜன்னலில் வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அவர் மூச்சுப் படிந்து மங்கும்போதெல்லாம் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். தீவுகள் தெரிய ஆரம்பித்ததும் "அது காரைநகர், அங்கால ஊர்காவற்துறை" என்று விரலால் காட்டினார். விமானம் திரும்பிக் கீழே இறங்கியபோது பனைமரம். செம்மண் தோட்டத்தில் வரிசை வரிசையாகப் பனை, அவ்வளவு தாழ்வாக வந்துவிட்டோம். சக்கரம் தரையைத் தொட்டதும், "வந்திட்டமோ?" என்று கேட்டார். "வந்தாச்சும்மா" என்றேன். "அதுக்குள்ளயோ?" என்று கடிகாரத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டிய வேலையும் கிடையாது, இலங்கை 2006இலிருந்து நம்முடைய நேரத்தையே வைத்திருக்கிறது.

பலாலி சின்ன நிலையம். மீனம்பாக்கத்தைப் பார்த்த கண்ணுக்கு ஒரு நல்ல கல்யாண மண்டபம் அளவுதான் தோன்றும். விமானப்படைத் தளமும் அங்கேயே இருப்பதால் சுற்றிலும் படம் எடுக்க வேண்டாம், யாரும் சொல்லும் வரை காத்திருக்காமல் போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். ஒரு விமானம்தான் வந்து இறங்குகிறது, அதனால் வரிசை நீளமாக இருந்தாலும் நகர்ந்துவிடும். எங்களுக்கு நாற்பது நிமிடம் ஆனது. குடிவரவு மேசையில் இருந்தவர் தமிழில் "எங்க தங்கப் போறீங்கள்?" என்று கேட்டதும் அம்மா விலாசம் சொல்வதற்குப் பதிலாகத் தன் ஐயாவின் பெயரையும் வீட்டுக்குப் பக்கத்துக் கோவில் பெயரையும் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அந்தப் பிள்ளை முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் முத்திரை குத்தியது. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் ஈடிஏ என்ற முன் அனுமதியை ஆன்லைனில் எடுத்து, தாளில் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டணம் அடிக்கடி மாறுவதால் அரசாங்கத் தளத்தில் பார்ப்பதுதான் சரி.

இனி குறை. பறந்ததில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, டிக்கெட் எடுத்த இடத்தில்தான் கசப்பு. அம்மாவுக்கு யாராவது நேரில் உட்கார்ந்து விவரம் சொன்னால் தைரியமாக இருக்கும் என்று ஒரு டிராவல் ஏஜென்சியில் போட்டேன். ஒருவருக்கு முப்பது கிலோ பெட்டி கொண்டுபோகலாம் என்று இரண்டு தடவை கேட்டு இரண்டு தடவையும் உறுதியாகச் சொன்னார்கள். விமான நிலையத்தில் பெட்டியை வைத்தால் எங்கள் டிக்கெட்டுக்கு இருபது கிலோதான். சின்னம்மா பேத்திகளுக்கு எடுத்த பட்டுப்பாவாடை, எவர்சில்வர் பாத்திரம், மாமாவுக்கு வேட்டி என்று நாற்பத்தொன்பது கிலோ இருந்தது. ஒன்பது கிலோவுக்குத் தனியாகக் காசு கட்டினேன். காசு போனதுகூடப் பரவாயில்லை, அந்த இருபது நிமிடம் அம்மா சக்கர நாற்காலியில் இருந்தபடி, "பாத்திரத்தை எடுத்துப்போடு, வேண்டாம்" என்று கலங்கிப் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. டிக்கெட்டின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் கிலோ போட்டிருந்தது, நான் பார்க்காமல் விட்டேன், அவர்கள் பார்க்காமல் சொன்னார்கள். வாய்ச்சொல்லை நம்பாமல் அந்த வரியைத் தேடிப் படித்துவிடுங்கள். ஊருக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை, இந்த வழித்தடத்தில் எடை என்பது சின்ன விஷயமே இல்லை.

விலை எங்களுக்கு ஒருவருக்குப் போக வர பதினாறாயிரத்தை ஒட்டி வந்தது, ஒரு மாதத்துக்கு முன்னால் போட்டதில். மதுரைக்குப் போவதோடு ஒப்பிட்டால் குறைவான தூரத்துக்குக் கூடுதல் காசுதான். இரண்டு நாட்டு விமான நிலையக் கட்டணங்களும் அதற்குள் இருக்கின்றன. ஆனால் கொழும்பு வழியாகப் போய், அங்கே தங்கி, பஸ்ஸோ ரயிலோ பிடித்து, இரண்டு வேளை வெளியே சாப்பிட்டு, முதுகுவலியோடு இறங்குவதைக் கூட்டிப் பார்த்தால் எனக்கு இது நியாயமாகவே பட்டது. கடைசி வாரத்தில் பார்த்தால் விலை எங்கேயோ போயிருந்தது, நல்லூர்த் திருவிழா நாட்களில் போக நினைப்பவர்கள் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

யாருக்கு இது சரிப்படாது என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம் என்றால் சென்னைக்கு வந்து ஏறுவது வீண் அலைச்சல். திருச்சியிலிருந்து பலாலி வான்வழியில் 184 கிலோமீட்டர்தான், அதுவும் ஏடிஆர்தான். நாகப்பட்டினம், திருவாரூர்க்காரர்களுக்குக் கப்பலே இருக்கிறது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் தொடங்கி, நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் திரும்ப வந்தது, கடலில் நாலு மணி நேரம் ஆகும். மழைக்கால மாதங்களில் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். சென்னையில் இருப்பவர்கள் இரவெல்லாம் பஸ்ஸில் நாகைக்குப் போய்க் கப்பல் ஏறுவது இளவட்டங்களுக்குச் சரி, அம்மாவை வைத்துக்கொண்டு நான் செய்ய மாட்டேன். ஆனால் அம்மா ஒருநாள் அந்தக் கப்பலில் போக வேண்டும் என்கிறார். 1982இல் கப்பலில் வந்தபோது ஏறிய கொஞ்ச நேரத்திலேயே வாந்தி வந்து படுத்துவிட்டாராம், கடலைப் பார்க்கவே இல்லையாம்.

திரும்பும்போது இடதுபுற ஜன்னல், அதே கரை தலைகீழாக வரும், மாலை வெயில் முகத்தில் அடிக்கும், கறுப்புக் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இந்த முறை எடையில் ஏமாறவில்லை. முதல் நாள் இரவே சின்னம்மா வீட்டுத் தராசைத் திண்ணையில் தூக்கி வைத்து ஒவ்வொரு பொட்டலமாக நிறுத்தோம். வறுத்து இடித்த மிளகாய்த்தூள் நாலு கிலோ, பனங்கட்டி, புழுக்கொடியல், பருத்தித்துறை வடை மூன்று பை. நிறுத்து முடித்து, பெட்டியைக் கட்டி, 38 கிலோ என்று மாமா உரக்கச் சொன்னதும் சின்னம்மா உள்ளே போய் இன்னும் ஒரு கிலோ மிளகாய்த்தூள் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

மறுநாள் அளவெட்டியிலிருந்து 12.40க்குக் கிளம்பினோம். 3.40 விமானம், சென்னையில் இறங்கி நின்றபோது ஐந்தைத் தாண்டியிருந்தது, பெட்டி வந்து, மாலை நேரத்துக் கத்திப்பாரா நெரிசலையும் தாண்டி வீட்டுக்கு வந்தபோது மணி ஏழு. 6 மணி 20 நிமிடம். சின்னம்மா கிளம்பும்போது வாழையிலையில் சுற்றி, அதன் மேல் துணி கட்டி, ஒரு தூக்குச்சட்டியில் குரக்கன் புட்டு கொடுத்திருந்தார். மத்தியானம் அளவெட்டியில் அவித்த அந்தப் புட்டை இரவு எட்டு மணிக்குப் போரூரில் உட்கார்ந்து சம்பலோடு சாப்பிட்டோம். பழுதாகவில்லை. அம்மா கையைக் கழுவிவிட்டு நேராகப் போய்ப் போனை எடுத்து சின்னம்மாவிடம் அதைத்தான் சொன்னார்.